இரண்டு காலால் மிதித்த கிளட்ச்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்னைக் கோலா கிளாவாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். எதற்கு என்று சொல்லவில்லை. டுரியான் காலமாயிற்றே, வாங்கித் தரத்தான் போகிறான் என்று நினைத்து இரண்டு பெரிய பைகளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். போய் இறங்கினால் ஒரு திடல். அதில் பழைய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. பழைய காரையும் மோட்டாரையும் சேர்த்து வைப்பவர்களைப் போல, இவற்றையும் தேடிப் பிடித்துத் துருவைச் சுரண்டிச் சாயம் அடித்து வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்களாம். சக்கரத்தில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. கல்யாணத்துக்கு வந்த பெரியவர்கள் மாதிரி மினுமினுவென்று நின்றன.

அதில் ஒரு சிவப்பு டிராக்டரின் சொந்தக்காரர், முப்பது வயது இருக்கும், சாவியைத் திருப்பினார். அது இரண்டு முறை இருமிவிட்டுத் தடதடவென்று பிடித்துக்கொண்டது. முன்னால் நட்டுக்குத்தாக நிற்கும் குழாயிலிருந்து ஒரு கொத்துக் கறுப்புப் புகை வந்து என் முகத்தில் அடித்தது.

“எங்கம்மா இதே மாதிரி டிராக்டர்தான் ஓட்டுனாங்க பிரதர், தோட்டத்துல” என்றான் என் மகன். அவன் குரலில் அவ்வளவு பெருமை.

“உண்மையாவா ஆன்ட்டி? செம லா! ஏறி உக்காருங்க, போட்டோ எடுக்கலாம்” என்று அவர் இருக்கையைத் துடைத்துவிட்டார்.

முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். முட்டி வலி எனக்கு உண்டுதான். அன்றைக்கு இல்லை. என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்த மகன், பழைய ஞாபகத்தில் அம்மா அழுகிறாள் என்று தோளில் கை போட்டுக்கொண்டான். உண்மையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தப் புகையை இன்னும் கொஞ்ச நேரம் மோந்துகொண்டு நிற்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷிக்கு வருமா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது.

அது எனக்குச் சட்டை வாசம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏழு வருஷம் அந்த வாசமடித்த சட்டையைத் துவைத்தவள் நான். டீசலும் நசுங்கிய செம்பனைப் பழமும் வேர்வையும் கலந்த அந்த வாசம் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. என் வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய்த் தோட்டம் ஒன்றில் டிராக்டர் டிரைவர். தோட்டத்தில் அது சின்ன வேலை இல்லை. பழக்குலை வெட்டுகிறவர் நூறு பேர் இருக்கலாம், டிராக்டர் இரண்டுதான். உரமூட்டையும் குலையும் மட்டுமா ஏற்றினார்? திருவிழாவில் சாமி ரதத்தை இழுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மழையில் தார் போட்ட சடக்குவரைக்கும் கொண்டுபோய் விட்டார். கடைக்குப் போனால் நான் “டிரைவர் சம்சாரம்”. அந்தப் பேரில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று இப்போது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்ததெல்லாம் அந்தக் கர்வத்தால் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் திடலில் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். விளையாட்டுக்குத்தான். நான் அப்போது நாற்பது கிலோகூடத் தேறமாட்டேன். கிளட்ச்சை ஒரு காலால் மிதித்தால் அது என்னை மதிக்கவே இல்லை. எழுந்து நின்று இரண்டு காலையும் அதன்மேல் வைத்து ஏறி நின்றால்தான் இறங்கும். அவர் மட்கார்டில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். “மூக்கு தூக்குச்சுன்னா எதையும் யோசிக்காத. கிளட்ச்ச மிதி. ஏறி நில்லு அதுமேல” என்று மறுபடி மறுபடி சொன்னார். பாரம் இழுக்கும்போது அந்தப் பழைய டிராக்டர்களுக்கு முன்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும். அப்போது கிளட்ச்சை மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் இழுவை நின்று மூக்கு கீழே இறங்கிவிடும். மிதிக்காவிட்டால் வண்டி பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து ஓட்டுகிறவர்மேல் விழும். இதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டே போய்க் கால்பந்துக் கம்பத்தில் இடித்தேன். அதற்கப்புறம் எங்கள் தோட்டத்துக் குழு ரொம்ப நாள் சாய்ந்த கம்பத்தில்தான் விளையாடியது. தோற்றால் என்னைத் திட்டுவார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் இடது காலில் செம்பனை முள் ஏறியது. அந்த முள் லேசானது இல்லை. உள்ளே முறிந்து நின்றுவிட்டால் கால் கொழுக்கட்டையாக வீங்கிவிடும். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் விடியலில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், பாயில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, “இன்னிக்கு ஒரு நாளும் படுத்துக்கவா?” என்று கேட்டார்.

இன்னொரு நாள் வராவிட்டால் டிராக்டரை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டிவரும் என்று ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி முதல்நாள் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படிக் கொடுத்துவிட்டால் இவர் மறுபடி குலை வெட்டப் போகவேண்டியதுதான். நான் மறுபடி வெறும் ஆளாகக் கடையில் வரிசையில் நிற்கவேண்டியதுதான். “படுத்தா வலி போயிருமா? உக்காந்துதான ஓட்டப் போறீங்க. மெதுவா போயிட்டு வாங்க” என்றேன். காலுக்கு மஞ்சள் பத்துப் போட்டு, என் பழைய சேலையைக் கிழித்துத் தடியாகக் கட்டுப் போட்டுவிட்டேன். பூட்ஸ் நுழையவில்லை. அந்தக் காலில் சிலிப்பர் போட்டுக்கொண்டு விந்திக்கொண்டே போனார். வாசலில் திரும்பிப் பார்த்தாரா என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நம்பர் காடு என்ற தோட்டப் பகுதியின் மேட்டில் குலை ஏற்றிய லோரி ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. சங்கிலி கட்டி இழுக்க அவரைக் கூப்பிட்டார்கள். பக்கத்துக் காட்டில் நான் கோன்ட்ராக்கில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். டிராக்டரின் முக்கல் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் ஒரேயடியாக உயர்ந்தது. பிறகு நின்றது. நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அங்கே பார்த்ததை எழுதப் போவதில்லை. முப்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்லி உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

மகளுக்கு ஆறு வயது. மகனுக்கு மூன்று.

கருமாதி முடிந்த மறுவாரம் கிராணி வந்தார். நல்ல மனுஷர். வாசல்படியிலேயே நின்று, என்னைப் பார்க்காமல் செடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அக்கா, நான் சொல்றேன்னு நெனைக்காதீங்க. வீடு வேலைக்காரருக்குத்தான். மாசக் கடைசிக்குள்ள…” நான் கோன்ட்ராக் ஆள். தோட்டத்துப் பேரேட்டில் என் பெயர் கிடையாது. புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்தியிருந்தார்கள். அம்மா வீடு என்று போக எனக்கு இடமில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து, அவர்கள் இருந்த லயத்து வரிசை வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் பாக்கி. ஒரு நாள் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுச் சட்டி பானைகளை மூட்டை கட்டினேன். கட்டி முடித்ததும் எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் திரும்ப அவிழ்த்து அடுக்கினேன். மறுநாளும் அதையே செய்தேன்.

அந்த டிராக்டர் கொட்டகையில் நின்றது. மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, ஸ்டீரிங்கை மாற்றியிருந்தார்கள். ஆனால் ஒருவரும் அதில் ஏறவில்லை. “ஆளத் தின்னது” என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் அப்படிச் சொன்னது என் மூத்தார், அவருடைய கூடப்பிறந்த அண்ணன். அவர் வெட்டுக்காட்டு மண்டோர், குலை வெட்டும் ஆட்களுக்கு மேலாள். தம்பியை அதனடியிலிருந்து வெளியே எடுத்தவர்களில் அவரும் ஒருவர். கொட்டகை வழியாகப் போகும்போதெல்லாம் அதன்மேல் காறித் துப்பிவிட்டுப் போவார். ஒரு டிராக்டரை வைத்துச் சமாளிக்க முடியாமல் காட்டில் குலைகள் அழுகிக்கொண்டிருந்தன.

ஆறு நாள் பாக்கி இருக்கும்போது நான் பெரட்டுக்குப் போனேன். ஆண்களெல்லாம் வரிசையாக நிற்கிறார்கள். மேனேஜர் மலாய்க்காரர். நேராக அவர் முன்னால் போய் நின்று, “துவான், சாயா போலே பாவா” என்றேன். ஐயா, என்னால் ஓட்ட முடியும் என்று. எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். அதையும் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். மேனேஜர் கிராணியைப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். “கோல் கம்பத்தக் கேளுங்கலா!” என்றார் ஒருவர். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? பயத்தில் வந்த சிரிப்பு.

மூத்தார் வரிசையைவிட்டு வந்தார். “எந்தம்பியக் கொன்னது அது. அதுமேல ஏறி உக்காரப் போறியா நீ?”

“எனக்கு வேற வழி இல்ல மாமா.”

“எங்க வீட்டுல வந்து இரு. ரெண்டு புள்ளைக்கும் கஞ்சி ஊத்த மாட்டேனா நான்?”

அவருக்கு ஐந்து பிள்ளைகள். வீடோ ஒரே அறை. அவர் சொன்னால் செய்வார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போயிருந்தால் அவர் மனைவி முகத்தைத் தினமும் பார்க்கவேண்டும் என்பதும் தெரியும். “இல்ல மாமா, நான் ஓட்டுறேன்” என்றேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார்.

ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும் என்றார் மேனேஜர். முதல் நாள் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒருவழியாக ஏறினேன். இருக்கையில் அவர் மடித்துப் போட்டிருந்த சாக்கு அப்படியே இருந்தது. எடுத்துக் கீழே போட மனசில்லை, அதன்மேல் உட்காரவும் மனசில்லை. நின்றுகொண்டே ஓட்டினேன். கிளட்ச்சுக்கு எப்படியும் எழுந்து நிற்கத்தானே வேண்டும். பின்னால் குலை ஏற்றும் ஆட்கள் என்னைக் கங்காரு என்று கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். வாரக் கடைசியில் பேரேட்டில் என் பெயரை எழுதினார்கள். வீடு எங்களுக்கே நின்றது.

முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது மகன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். முகத்தைப் புடவையில் புதைத்தபடி, “அக்கா, அப்பா வந்திருச்சு!” என்று கத்தினான். டீசல் வாசம். மகள் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எவ்வளவோ நாள் குளித்துவிட்டுத்தான் அவனைத் தூக்குவேன். சில நாள் வேண்டுமென்றே குளிக்காமல் தூக்குவேன். அவன் என் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கிப்போவான்.

நான்கு மாதம் கழித்து, மறுபடி அதே பன்னிரண்டாம் நம்பர் மேடு. பின்னால் டிரெய்லர் முழுக்க உரமூட்டை. மழை பெய்து மண் இளகியிருந்தது. பாதி மேட்டில் பின்சக்கரம் மண்ணைக் கவ்வியது, முன்சக்கரம் கிளம்பியது. எனக்கு முன்னால் இருந்த சடக்கு மறைந்து வானம் தெரிந்தது. யோசிக்கவில்லை. இரண்டு காலாலும் கிளட்ச்சின்மேல் ஏறி நின்றேன், உடம்பு முழுவதையும் அதில் இறக்கி. மூக்கு தொப்பென்று கீழே விழுந்தது. டிரெய்லர் பின்னால் சரிந்து ஓரத்துக் கான் வாய்க்காலில் இறங்கி நின்றுவிட்டது. நான் உயிரோடு இருந்தேன்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவருக்குத் தெரியாததா இது? எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே. எல்லாரும் கிளட்ச் பிடிக்கவில்லை, வண்டி கோளாறு என்றார்கள்; நானும் நம்பினேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. நான்கு மாதமாக அதே கிளட்ச்சைத்தான் மிதிக்கிறேன். ஒரு பெண்பிள்ளையின் மொத்தக் கனமும் கேட்கிற கிளட்ச் அது. முள் ஏறி வீங்கிய இடது காலை வைத்து, தடிக் கட்டோடு, சிலிப்பரோடு, அவர் அதை எப்படி மிதித்திருப்பார்? மிதித்துத்தான் பார்த்திருப்பார். கால் வழுக்கியிருக்கும். அந்தக் கட்டைக் கட்டியது நான். “உக்காந்துதான ஓட்டப் போறீங்க” என்றதும் நான்.

இறங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூத்தார் மேல் காட்டிலிருந்து குலை வெட்டும் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்ததும் கம்பால் டிராக்டரின் மூக்கில் ஓங்கி ஓங்கி அடித்தார். “இன்னொண்ணையும் தின்னப் பாத்தியா? ரெண்டு புள்ளைங்கள அனாதையாக்கப் பாத்தியா? நீ நாசமாப் போக!” என்று அதைத்தான் ஏசினார். அப்போதும் என்னிடம் பேசவில்லை. அவர் கண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. “மாமா, அது இல்ல, நான்தான்” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருக்கவேண்டும். எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குப் பெரியப்பா வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஏச்சையெல்லாம் அந்த இரும்பு வாங்கிக்கொண்டது.

அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் அதை ஓட்டினேன். காலையில் ஏறும்போது ஒருநாள்கூட அந்தக் கட்டை நினைக்காமல் ஏறியதில்லை. ஆனாலும் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். எண்ணெய் மாற்றுவேன், கிரீஸ் அடிப்பேன், அடிபட்ட மூக்கைத் துடைப்பேன். யாராவது அதைத் திட்டினால் எனக்குத் தாங்காது. வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன். என்னவென்று சொல்வது இதை? பாசம் என்றால் தப்பாக இருக்கும்.

பிறகு தோட்டம் வீட்டு மனைக்கு விலைபோனது. லயங்களை இடித்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனோம். நான் செனாவாங்கில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தேன். மூத்தார் அம்பாங்கானில் மகள் வீட்டுக்குப் போனார். டிராக்டரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். கேஸ் வைத்து வெட்டி லோரியில் ஏற்றியதை நான் நின்று பார்த்தேன்.

சில வருஷத்துக்குப் பின் மூத்தாருக்கு வாதம் வந்து படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு அம்பாங்கானுக்குப் போனேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் முழுக்க எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடிக்கொண்டே போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, அத்தனை வருஷத்துக்கு அப்புறம், கோணிய வாயால் என்னிடம் பேசினார். “அது என்னாச்சு?”

எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. “துண்டு துண்டா வெட்டிட்டாங்க மாமா.”

“நல்லா வேணும்” என்றார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். “எந்தம்பிய… நல்லா வேணும்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்துப் பிடித்த மாதிரி ஒரு பிடி. அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வேன்? தண்ணீர் கொடுத்துவிட்டு, தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் போய்விட்டார். என்னைத் திட்டியிருக்க வேண்டிய ஆள் அவர் ஒருவர்தான்.

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். என் மகனுக்கும் தமிழ் படிக்க வரும். அவனும் படித்தால் படிக்கட்டும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கு கோலா கிளாவாங்கிலிருந்து திரும்பும்போது, “தோட்டம் இருந்த பக்கம் போயிட்டுப் போலாமாப்பா?” என்று கேட்டேன். அவன் சந்தோஷமாக வண்டியைத் திருப்பினான். போய்ப் பார்த்தால் சடக்கு புதிதாக இருந்தது. ஆபீஸ் இல்லை, கொட்டகை இல்லை, கோயில் இருந்த இடத்தில் ஒரு பெட்ரோல் நிலையம். பன்னிரண்டாம் நம்பர் காடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். மலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் உயரமாகச் சுவர் கட்டி, கேட் போட்டு, உள்ளே மாடி வீடுகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மேட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். தட்டு மாதிரி சமமாக இருந்தது.

கேட்டில் காவல்காரர் காரை நிறுத்தினார். நேப்பாளத்துக்காரர் போலிருந்தது. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று மலாயில் கேட்டார். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான், யார் பெயரையாவது சொல்லுவேன் என்று. எனக்கு ஒரு பெயரும் வரவில்லை.

“சாலா ஜாலான், பாங்” என்றான் மகன். வழி மாறி வந்துவிட்டோம் என்று. வண்டியைப் பின்னால் எடுத்தான்.